டெக்சஸில் கைத்துப்பாக்கி: எந்த நாளில் இடுப்பில், எந்த நாளில் பூட்டுப்பெட்டியில்

டெக்சஸில் வாழ்ந்து, சட்டப்படி கைத்துப்பாக்கி வாங்கி, அதை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாமா என்று யோசிப்பவர்களுக்கானது இது. எப்படிச் சுடுவது என்பது இதில் இல்லை. அதற்குப் பயிற்றுநர்களும் ரேஞ்சும் (சுடும் பயிற்சிக் களம்) உண்டு. இன்றைக்கு எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வரிசை மட்டும்தான் இங்கே.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, துப்பாக்கி எடுத்துச் செல்லும் லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளிலிருந்து எங்கும் எப்போதும் எடுத்துப்போவது. இன்னொன்று, பயமாக இருக்கும் இடத்துக்கு மட்டும் எடுத்துப்போவது. இரண்டாவதுதான் அதிக ஆபத்து. துப்பாக்கி இல்லாமல் போகத் தயங்கும் இடத்துக்கு, துப்பாக்கி இருக்கிறது என்ற தைரியத்தில் போகக் கூடாது. இரவு பதினொரு மணிக்கு ஆளில்லாத ஏடிஎம்முக்குப் போக வேண்டியிருந்தால், மாற்ற வேண்டியது நேரத்தை.

1. முதலில் குடியேற்ற நிலையைப் பாருங்கள்

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, சுற்றுலா விசா என்று தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசின்) சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. டெக்சஸ் சட்டம் தாராளமாக இருப்பது இதை மாற்றாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் வழக்கறிஞரிடம் கேட்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம். 2022-க்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச தண்டனை 15 ஆண்டு சிறை.

க்ரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம், எடுத்தும் செல்லலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால், அதுவே நாடு கடத்தலுக்குப் போதுமான காரணம். அண்டை வீட்டு அமெரிக்கர் அபராதத்தோடு தப்பிக்கும் தவறு, க்ரீன் கார்டுக்காரருக்கு அமெரிக்க வாழ்க்கையையே முடித்துவிடக்கூடும். கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் "சந்தேகம் என்றால் வேண்டாம்" என்ற பக்கம் சாய்ந்திருப்பது இதனால்தான்.

பலர் கவனிக்காத ஒன்று: ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்து தங்கும் அப்பா அம்மாவும் தற்காலிக விசாவில் இருப்பவர்கள்தான். பூட்டுப்பெட்டியின் எண்ணையோ சாவியையோ அவர்களிடம் கொடுத்து வைத்தால், ஆயுதம் அவர்கள் வசம் இருந்ததாக வாதிட இடம் கிடைத்துவிடும். எண் உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

கஞ்சா விஷயமும் இப்படித்தான். சில மாநிலங்களில் அது கடையிலேயே கிடைத்தாலும், துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவம் அதைப் பற்றி நேரடியாகக் கேட்கிறது. மாநிலம் அனுமதித்தாலும் ஃபெடரல் சட்டத்தில் அனுமதி இல்லை என்று அந்தப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

2. லைசென்ஸ் கட்டாயமில்லை, ஆனாலும் எடுங்கள்

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது நிரம்பிய, வேறு தடை எதுவும் இல்லாத ஒருவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். "அப்புறம் எதற்கு வகுப்பு, கட்டணம்?" என்று கேட்பவர்கள் உண்டு.

காரணம் பள்ளிக்கூடங்கள். பள்ளி வளாகத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே லைசென்ஸ் கொடுத்திருந்தால் விலக்கு உண்டு. லைசென்ஸ் இல்லாமல் எடுத்துச் செல்லும் டெக்சஸ் உரிமைக்கு அந்த விலக்கு கிடையாது. பிளானோ, ஃபிரிஸ்கோ, கேட்டி போன்ற புறநகர்களில் பால் வாங்கக் கடைக்குப் போகும் வழியிலேயே இப்படிப்பட்ட வட்டங்கள் ஒன்றிரண்டு குறுக்கிடும். லைசென்ஸ் இல்லாதவர் அந்த வழியாகப் போக வேண்டுமென்றால், தோட்டாவை எடுத்துவிட்டு, பூட்டிய பெட்டியில் வைத்துத்தான் போக வேண்டும். அப்படிப் போவதில் தற்காப்புக்கு ஒரு பயனும் இல்லை.

வகுப்பு 4 முதல் 6 மணி நேரம். சுடும் தேர்வில் 3, 7, 15 கஜ தூரங்களில் மொத்தம் 50 தோட்டா. 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அசையாத காகிதத்தை, நிதானமாக, நல்ல வெளிச்சத்தில் சுடும் தேர்வு இது. இதில் தேறியதை வைத்து, கூட்டமான கடைக்குள் சுடத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள்.

3. அன்றைய நிறுத்தங்களை எழுதுங்கள்

முடிவு வாசலில் நின்று எடுப்பதல்ல. முந்தைய இரவு அல்லது காலையில், அன்று போகப்போகும் எல்லா இடங்களையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "உள்ளே போகலாம்" அல்லது "கழற்ற வேண்டும்" என்று குறியுங்கள்.

டெக்சஸ் சட்டத்தில் கழற்றியாக வேண்டிய இடங்கள்: பள்ளிக் கட்டடங்கள், பள்ளி நடத்தும் நிகழ்ச்சி நடக்கும் திடல்கள், வாக்குச்சாவடி (முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்களிலும்), நீதிமன்றம், சிறை, குதிரைப் பந்தயத் திடல், பள்ளி, கல்லூரி, தொழில்முறை விளையாட்டுப் போட்டிகள், மருத்துவமனை (லைசென்ஸ் உள்ளவருக்கு, அங்கே தடை அறிவிப்பு இருந்தால்), விமான நிலையத்தில் சோதனைக்கு அப்பால் உள்ள பகுதி, வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வரும் கடைகள். கடைசி வகைக் கடையின் வாசலில் பெரிய சிவப்பு எழுத்தில் 51% என்று போட்டிருப்பார்கள். மருத்துவமனை பட்டியலில் இருப்பதற்கு வேறொரு நியாயமும் உண்டு: எம்.ஆர்.ஐ. அறைக் காந்தம் இடுப்பிலிருக்கும் துப்பாக்கியை அப்படியே இழுத்துக்கொள்ளும்.

ஃபெடரல் அலுவலகங்கள் தனி. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், குடியேற்றத் துறை அலுவலகம் எல்லாம் இதில் வரும். குடியுரிமை நேர்காணலுக்கும் கைரேகை கொடுக்கவும் போகும் நாளில் துப்பாக்கி வண்டியில்கூட இருக்க வேண்டாம். தபால் நிலைய விதி கட்டடத்தோடு நிற்பதில்லை, வாகன நிறுத்துமிடத்தையும் சேர்த்துத் தடுக்கிறது. அதை எதிர்த்து நீதிமன்றங்களில் வழக்குகள் நடக்கின்றன. அந்த வழக்கில் நீங்களும் ஒரு கட்சிக்காரர் ஆக வேண்டியதில்லை; பார்சல் அனுப்பும் நாளில் வீட்டில் விடுங்கள்.

தனியார் இடங்களில் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். 30.06 என்ற எண் போட்ட பலகை, லைசென்ஸ் உள்ளவர் மறைத்து எடுத்து வருவதைத் தடுப்பது. 30.07 வெளியே தெரியும்படி எடுத்து வருவதைத் தடுப்பது. 30.05 லைசென்ஸ் இல்லாதவருக்கானது. 30.06 பலகையில் ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்தில், சட்டம் சொன்ன அதே வாசகம் இருக்க வேண்டும். வாயால் சொன்னாலும் அது அறிவிப்புதான். சொன்ன பிறகும் வெளியேறாமல் நின்றால் குற்றத்தின் தரம் ஏறிவிடும்.

சிவப்புக் கோடு போட்ட துப்பாக்கிப் படம் மட்டும் ஒட்டியிருந்தால்? லைசென்ஸ் உள்ளவரை அது சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போகிறவர்கள் இருக்கிறார்கள். உரிமையாளர் விருப்பம் தெளிவாகத் தெரிந்த பிறகு இந்த வாதத்தால் கிடைக்கப்போவது என்ன? வேறு கடைக்குப் போங்கள்.

அலுவலகம்: 2011-இல் வந்த சட்டப்படி, பூட்டிய சொந்த வண்டிக்குள் வைத்து நிறுவனத்தின் வாகன நிறுத்துமிடத்தில் விடுவதைப் பெரும்பாலான முதலாளிகள் தடுக்க முடியாது. கட்டடத்துக்குள் தடுக்கலாம். மீறினால் வேலை போகும்.

இப்போது "கழற்ற வேண்டும்" என்ற குறிகளை எண்ணுங்கள். ஒன்று இருந்தால், அந்த நிறுத்தத்தை வேறு நாளுக்குத் தள்ள முடியுமா என்று பாருங்கள். இரண்டு இருந்தால் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும். வண்டியின் இருக்கையில் குனிந்து, அவசரமாக, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும், கைதவறி வெடிப்பதற்கும் திருடு போவதற்கும் ஒரு வாய்ப்பு.

4. யாரோடு, எதற்காக

மது அருந்தப் போகிறீர்கள் என்றால் துப்பாக்கி இல்லை. அளவு, "ஒரு பீர்தானே" என்ற கணக்கு எதுவும் வேண்டாம். போதையில் எடுத்துச் செல்வது டெக்சஸில் குற்றம். போதையா இல்லையா என்பதைப் பிறகு முடிவு செய்வது நீங்கள் அல்ல.

நண்பர் வீட்டுப் பிறந்தநாள் விழா: அது அவர் வீடு, அவர் பிள்ளைகள். முன்பே கேளுங்கள். கேட்கச் சங்கடமாக இருந்தால் அதுவே பதில். சிறு பிள்ளைகள் மடியில் ஏறுவார்கள், இடுப்பைக் கட்டிக்கொள்வார்கள், தூக்கச் சொல்வார்கள். நீச்சல், கிரிக்கெட், டிராம்போலின் என்று உடல் புரளும் நிகழ்ச்சி எதற்கும் எடுக்க வேண்டாம்.

கோவில்: 2019 செப்டம்பருக்குப் பிறகு வழிபாட்டுத் தலங்கள் சட்டப்படி தானாகத் தடை செய்யப்பட்ட இடமல்ல, நிர்வாகம் அறிவித்தால்தான் தடை. ஆனால் சட்டம் விடுகிறது என்பதற்காகப் பேர்லேண்ட் மீனாட்சி கோவில் போன்ற கூட்டமான இடத்துக்கு எடுத்துப்போவதில் பொருளில்லை. வேட்டியில் துப்பாக்கி உறையைத் தாங்கும் பெல்ட் கிடையாது. சட்டையைக் கழற்ற நேரலாம், விழுந்து கும்பிடுவீர்கள், தோளோடு தோள் உரச வரிசையில் நிற்பீர்கள். அன்று வண்டியிலும் வேண்டாம், வீட்டில்.

கைப்பையில் வைப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு கடையில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுத்து, அது வெடித்துத் தாய் இறந்தார். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்த பைதான் அது. பை தோளிலிருந்து இறங்கும் எந்த நாளிலும், அதாவது குழந்தையோடு வெளியே போகும் எல்லா நாளிலும், கைப்பை சரிவராது.

5. உங்கள் மனநிலை

கிளம்பும் முன் மூன்று கேள்விகள். தூக்கம் போதுமா? தூக்கம் வரவழைக்கும் இருமல் மருந்தோ பல் பிடுங்கிய பின் தரும் வலி மாத்திரையோ உள்ளே போயிருக்கிறதா? யார் மீதாவது கோபமாக இருக்கிறீர்களா?

மூன்றாவது முக்கியம். பக்கத்து வீட்டுக்காரரிடம் வேலியைப் பற்றியோ வண்டி நிறுத்துவதைப் பற்றியோ "பேசித் தீர்க்க" போகும்போது துப்பாக்கி உடன் வரக் கூடாது. டெக்சஸ் தண்டனைச் சட்டம் பிரிவு 9.31 இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறது. எதிராளி வாயால் சீண்டியது மட்டுமே பலத்தைப் பயன்படுத்த நியாயமாகாது. சட்டவிரோதமாக ஆயுதம் வைத்துக்கொண்டு, தகராறு உள்ளவரிடம் விளக்கம் கேட்கவோ பேசவோ நீங்களாகப் போனால், பிறகு தற்காப்பு என்று சொல்லும் வழி அடைபட்டுவிடும். சட்டப்படி வைத்திருந்தாலும், நீதிமன்றத்தில் ஜூரி நடுவர்கள் முன் கேட்கப்படப் போகும் கேள்வி ஒன்றுதான்: பேசப் போனவருக்கு அது எதற்கு?

சாலையில் குறுக்கே வந்தவரை மிரட்ட எடுத்துக் காட்டுவதும் இதே வகை. "காட்டத்தான் செய்தேன், சுடவில்லை" என்பது தப்பிக்கும் வழியல்ல. பிறர் மிரளும்படி காட்டுவதே குற்றமாகும். இடுப்பில் துப்பாக்கி இருக்கும் நாளில் வழிவிடுவதும் மன்னிப்புக் கேட்பதும் உங்கள் வேலை. அது முடியாத மனநிலை என்றால் எடுக்காதீர்கள்.

பழைய சோபாவையோ கைப்பேசியையோ இணையத்தில் விற்று, முன்பின் தெரியாதவரைச் சந்திக்கப் போகிறீர்களா? பல ஊர்களில் காவல் நிலைய வளாகத்தில் இதற்கென்றே கேமரா வைத்த இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே வரச் சொல்லுங்கள். வர மறுப்பவரிடம் விற்க வேண்டாம்.

இன்னொன்று. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். மனம் உடைந்திருக்கும் காலத்தில், அது வேலை போனதாலோ மணமுறிவாலோ எதனாலோ, துப்பாக்கி இடுப்பிலும் வேண்டாம், வீட்டிலும் வேண்டாம். சட்டப்படி வைத்திருக்கக்கூடிய நம்பகமான ஒருவரிடமோ, காப்பில் வைக்கும் துப்பாக்கிக் கடையிலோ ஒப்படையுங்கள். மனநெருக்கடி உதவிக்கான 988 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

6. உறையும் உடையும் சரியா

உறை சரியில்லை என்றால் மேலே எல்லாவற்றுக்கும் "ஆம்" என்று வந்திருந்தாலும் அன்று இல்லை.

உறைக்கு மூன்று தேவைகள்: ட்ரிகரையும் அதன் வளையத்தையும் முழுதாக மூட வேண்டும், வெளியிலிருந்து அழுத்தினாலும் ட்ரிகர் அசையாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும், துப்பாக்கியை உருவிய பிறகும் வாய் மூடிக்கொள்ளக் கூடாது. மலிவான துணி உறைகள் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தோற்கும். உறை இல்லாமல் வெறுமனே இடுப்பில் செருகுவது எந்தச் சூழலிலும் கூடாது. பெல்ட் துப்பாக்கியின் எடைக்கு மடங்காத தடிமனில் இருக்கட்டும்; சாதாரண ஆபீஸ் பெல்ட் ஒரு மணி நேரத்தில் தொய்ந்து, நீங்கள் அடிக்கடி கை வைத்துச் சரிசெய்ய ஆரம்பிப்பீர்கள். மறைத்து வைத்திருப்பதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தக் கைதான்.

புது உறையை வீட்டில் சோதியுங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, சேம்பர் (சுடப்படும் தோட்டா நிற்கும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, மாட்டிக்கொண்டு நடமாடுங்கள். குனிந்து ஷூ லேஸ் கட்டுங்கள். மேல் அலமாரிக்குக் கையை உயர்த்துங்கள். வண்டியில் உட்கார்ந்து சீட் பெல்ட் போடுங்கள். சட்டை மேலேறித் தெரிந்தாலோ துப்பாக்கி நழுவினாலோ அந்த உடைக்கு அந்த உறை பொருந்தாது.

கைதவறி வெடிப்பது பெரும்பாலும் உருவும்போது அல்ல, திரும்ப உறைக்குள் வைக்கும்போது. சட்டை நுனியோ ஜாக்கெட்டின் இழுகயிறோ உறைக்குள் சிக்கி ட்ரிகரை அழுத்திவிடும். அதனால் உறையைத் தனியே கழற்றி, துப்பாக்கியை அதில் பொருத்தி, பிறகு இரண்டையும் ஒன்றாக இடுப்பில் மாட்டுங்கள். இரவில் கழற்றும்போதும் உறையோடு சேர்த்தே எடுத்துப் பூட்டுப்பெட்டியில் வையுங்கள்.

தினமும் தோட்டாவை வெளியே எடுத்துத் திரும்ப ஏற்றும் பழக்கம் பாதுகாப்பானது போலத் தோன்றும். உண்மையில் அது கையாளும் தடவைகளைக் கூட்டுகிறது. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பரில் ஏற்றினால், அதன் ஈயமுனை உறைக்குழாய்க்குள் பின்னோக்கி அமுங்கும். சுடும்போது அழுத்தம் அபாயகரமாக ஏறும். புதுத் தோட்டாவோடு அருகருகே நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

பூட்டுவதில் சலுகை இல்லை. 17 வயதுக்குட்பட்டவர் எடுக்கும்படி, சுடத் தயாரான துப்பாக்கியை விட்டுவைப்பதும் டெக்சஸில் குற்றம்.

7. வெளியே போன பிறகு

தொடாதீர்கள். வீட்டில் மாட்டியது வீட்டில்தான் கழற்றப்பட வேண்டும்.

கழிப்பறை இதற்குப் பெரிய சோதனை. கொக்கியில் மாட்டுவது, தண்ணீர்த் தொட்டி மேல் வைப்பது, காகிதச் சுருள் பெட்டி மேல் வைப்பது எல்லாம் மறந்துவிட்டு வருவதற்கான வழிகள். உறையிலேயே இருக்க, இறக்கிய பேண்டின் மடிப்புக்குள், இரு கால்களுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். எழும்போது அதை எடுக்காமல் எழ முடியாது.

தவிர்க்க முடியாமல் வண்டியில் விட நேர்ந்தால், இருக்கையின் இரும்புச் சட்டத்தோடு கம்பிவடத்தால் பிணைத்த பூட்டுப்பெட்டி வேண்டும். டாஷ்போர்டில் உள்ள கையுறைப் பெட்டி (க்ளவ் பாக்ஸ்) திருடனுக்கு முதல் இடம். போய்ச் சேர்ந்த நிறுத்துமிடத்தில் எல்லோர் கண்முன்னும் கழற்றாமல், கிளம்பும் முன்பே பெட்டிக்குள் வையுங்கள். துப்பாக்கி நிறுவன ஸ்டிக்கரை வண்டியில் ஒட்டுவது, உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்களே எழுதிப் போடுவது.

போலீஸ் நிறுத்தினால்: உள்விளக்கைப் போடுங்கள், கைகள் ஸ்டியரிங் மேல் தெரியட்டும். துப்பாக்கி உடன் இருக்கும்போது அடையாளம் கேட்டால், ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி லைசென்ஸையும் சேர்த்துக் கொடுப்பது டெக்சஸ் விதி. "கன்" என்ற சொல்லோடு பேச்சைத் தொடங்காதீர்கள். லைசென்ஸ் இருக்கிறது, எடுத்து வந்திருக்கிறேன், நான் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். சொல்லாமல் எதையும் எடுக்கக் கை நீட்ட வேண்டாம்.

8. மாநில எல்லையும் விமான நிலையமும்

டெக்சஸ் லைசென்ஸ் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய் மாநிலங்களில் செல்லாது. 2013-இல் பென்சில்வேனியா லைசென்ஸ் வைத்திருந்த ஒரு பெண், நியூஜெர்சியில் போலீஸ் நிறுத்தியபோது தானாகவே துப்பாக்கி இருப்பதைச் சொல்லிக் கைதானார். 2015-இல் ஆளுநர் மன்னிப்பு வழங்கும்வரை அந்த வழக்கு அவரை விடவில்லை. சில மாநிலங்களில் கேட்காமலே உடனே சொல்ல வேண்டும், மிச்சிகன் அப்படி. பயணத்துக்கு முன் வழியிலுள்ள ஒவ்வொரு மாநிலத்தின் அரசுத் தளத்திலும் அன்றைய விதியைப் பாருங்கள்.

1986-இன் ஃபெடரல் சட்டம் தடையுள்ள மாநிலத்தைக் கடந்து செல்ல மட்டும் வழி தருகிறது: கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் நீங்கள் வைத்திருக்க அனுமதி இருக்க வேண்டும், தோட்டா ஏற்றியிருக்கக் கூடாது, துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டி. உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கிப் போவது "கடந்து செல்வது" ஆகாது.

விமானத்தில், தோட்டா நீக்கி, பூட்டிய கடினமான பெட்டியில் வைத்து, விமான நிறுவனக் கவுன்ட்டரில் அறிவித்து, சரக்குப் பெட்டியாக மட்டுமே அனுப்பலாம். 2023-இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பெரும்பாலானவை தோட்டா ஏற்றியவை. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்வது "பையில் இருந்ததை மறந்துவிட்டேன்" என்பதுதான்.

இதற்கு ஒரே தீர்வு பைகளைப் பிரிப்பது. ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பை ரேஞ்சுக்கு மட்டும். துப்பாக்கிகூட வேண்டாம், அந்தப் பையின் மடிப்பில் ஒட்டிக்கொண்ட ஒரே ஒரு தோட்டா போதும்: அந்தப் பையோடு ஊருக்குப் போய்த் திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில் பிடிபட்டால், இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரலாம், விமானம் போய்விடும், நீங்கள் போலீஸிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ரேஞ்சுக்கு அணிந்து போன ஜாக்கெட்டையும் பயணத்துக்கு எடுக்கும் முன் அதன் எல்லாப் பாக்கெட்டுகளையும் வெளிப்புறமாகத் திருப்பிப் பாருங்கள்.